பதவி தேடாத உறுப்பினர்: நார்ஃபோக் கோக்கின் ஐம்பது ஆண்டு நாடாளுமன்ற வாழ்க்கை

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான காமன்ஸ் சபைக்குத் தாமஸ் வில்லியம் கோக் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு 22 வயது நிரம்பி இரண்டு நாட்கள்தான் ஆகியிருந்தன. அது 1776 மே மாதம். அட்லாண்டிக்குக்கு அப்பால் அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலைப் பிரகடனத்தை நெருங்கிக்கொண்டிருந்தன. அவர் சபையை விட்டு விலகியது 1832இல், 78 வயதில். நடுவில் ஆறு ஆண்டு இடைவெளி ஒன்று உண்டு. அதைக் கழித்தாலும் அரை நூற்றாண்டு தேறும். நார்த் பிரபு முதல் கிரே பிரபு வரை எத்தனையோ பிரதமர்கள் வந்து போனார்கள். மூன்று மன்னர்கள் அரியணையில் இருந்தார்கள். இத்தனை காலத்திலும் கோக் ஒருநாள்கூட அமைச்சராக இருந்ததில்லை. பிரபுப் பட்டம் தேடி வந்தபோதும் காமன்ஸ் சபையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

இன்று இதைப் படிப்பவருக்கு முன்னேறத் தெரியாத ஓர் அரசியல்வாதியின் கதைபோலத் தோன்றலாம். அவர் காலத்தவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. பட்டமில்லாத குடிமக்களில் நாட்டிலேயே முதலிடம் அவருக்குத்தான் என்றார்கள். ஜார்ஜ் என்ற பெயருடைய நான்கு மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட 1714–1830 காலத்தில், பெருநிலக்காரர் ஒருவர் தன் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், உறுப்பினராக லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் அமர்வதே நிறைவான அரசியல் வாழ்க்கையாக மதிக்கப்பட்டது. அதற்கு மேல் ஏற வேண்டிய படி இருப்பதாக அவர்கள் கருதவில்லை. மன்னரையும் பிரதமரையும் எதிர்த்து நிற்கும் துணிவை அவருக்குக் கொடுத்தது நிலம். ரொட்டி விலை, வேட்டைச் சட்டம் என்று பேச்சு வந்தபோது அவர் கையைக் கட்டிப்போட்டதும் அதே நிலம்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கோக்கின் ஐம்பது ஆண்டுகள் பிடிபடும்.

குடும்பத்தின் செல்வத்துக்கு வித்திட்டவர் சர் எட்வர்ட் கோக். முதலாம் ஜேம்ஸ் காலத்துத் தலைமை நீதிபதி. 1628ஆம் ஆண்டின் உரிமை மனுவுக்குப் பின்னால் நின்ற சட்ட அறிஞர். அவர் வழிவந்த லெஸ்டர் பிரபு தாமஸ் கோக், 1720இல் தென்கடல் கம்பெனியின் பங்குகள் சரிந்தபோது பெரும் பணத்தை இழந்தார். இருந்தும் 1734இல் கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் கவுண்டியின் வடகடலோரத்தில் ஹோல்கம் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 1764 வரை நீண்ட அந்தக் கட்டுமானம் முடிவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. ஒரே மகனும் அவருக்கு முன்பே இறந்துவிட்டதால் பட்டம் அவரோடு மறைந்தது. சொத்து சகோதரியின் மகன் வென்மன் ராபர்ட்ஸுக்குப் போனது. அவர் கோக் என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1774இல் நார்ஃபோக்கின் உறுப்பினரும் ஆனார். 1776 ஏப்ரலில் திடீரென இறந்தார். அவருடைய மூத்த மகன்தான் நம் தாமஸ் வில்லியம். ஈட்டன் பள்ளியில் படித்து, இத்தாலியில் ஊர் சுற்றித் திரும்பி, திருமணமாகி ஓராண்டுகூட ஆகாத இளைஞர். ஏறத்தாழ 30,000 ஏக்கர் எஸ்டேட்டும் தந்தையின் தொகுதியும் சில வாரங்களுக்குள் அவர் கைக்கு வந்தன. அரசியலில் பெரிய நாட்டம் இல்லாதிருந்தும், தான் விலகினால் இடம் மன்னர் பக்கம் சாய்ந்த டோரி கட்சிக்காரர் ஒருவருக்குப் போய்விடுமே என்ற அச்சத்தில்தான் போட்டிக்கு ஒப்புக்கொண்டதாகப் பின்னாளில் சொன்னார். எதிர்த்து நிற்க யாரும் வரவில்லை.

கவுண்டித் தொகுதி என்பது என்ன என்று இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அன்றைய சபையில் 558 உறுப்பினர்கள். இங்கிலாந்தின் 40 கவுண்டிகளுக்குத் தலா இருவர் என்று 80 பேர். இருநூற்றுக்கும் மேற்பட்ட பரோக்கள் என்ற நகரத் தொகுதிகளிலிருந்து 405 பேர். பரோக்களில் பல, வாக்காளர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடியவை. ஓல்டு சாரம் ஆளே குடியிராத மேடு. பிற்பாடு சென்னை ஜார்ஜ் கோட்டையில் 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்த தாமஸ் பிட் 1691இல் அந்த இடத்தை விலைக்கு வாங்கினார். அவருடைய பேரன் மூத்த வில்லியம் பிட் 1735இல் சபைக்குள் நுழைந்தது அந்தச் சொந்த மேட்டின் வழியாகத்தான்.

கவுண்டியை அப்படி வாங்க முடியாது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள சுதந்திர உடைமை நிலம், அதாவது குத்தகையல்லாத சொந்த நிலம், வைத்திருக்கும் ஒவ்வோர் ஆணுக்கும் வாக்கு உண்டு. 15ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த விதி அது. நார்ஃபோக்கில் இப்படி ஆறாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். சிறு விவசாயிகள், பாதிரியார்கள், நாரிச், யார்மத், லின் நகரங்களின் கடைக்காரர்கள் எல்லாரும் அதில் அடக்கம். கோக்கின் பெரிய குத்தகைதாரர்கள் 21 ஆண்டுக் குத்தகையில் நூற்றுக்கணக்கான ஏக்கர் பயிரிட்டவர்கள். ஆனால் குத்தகை நிலம் மட்டும் உள்ளவருக்கு 1832 வரை கவுண்டி வாக்கு கிடையாது. ஆகவே பண்ணைக்காரர்களை வரிசையில் நிறுத்தித் தேர்தலில் வெல்வது என்பது நார்ஃபோக்கில் நடக்காத காரியம். அண்டைப் பெருங்குடும்பங்களின் இசைவும், சிறு நிலக்காரர்களின் நல்லெண்ணமும் தேவைப்பட்டன. வேட்பாளருக்கு ஆண்டுக்கு 600 பவுண்டு நில வருமானம் இருக்க வேண்டும் என்று 1711ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. சம்பளம் கிடையாது. வாக்குப்பதிவு பகிரங்கமாக, கவுண்டியின் தலைநகரில் மட்டும், நாள்கணக்கில் நடக்கும். யார் யாருக்கு வாக்களித்தார் என்பது அச்சாகிப் புத்தகமாக விற்பனைக்கும் வரும். வாக்காளரை ஊரிலிருந்து வண்டி வைத்து அழைத்துவருவது, தங்கவைப்பது, சாப்பாடு போடுவது எல்லாம் வேட்பாளர் தலையில். 1807இல் யார்க்ஷயரில் இரண்டு பெருங்குடும்பங்கள் மோதியபோது தலா 1,00,000 பவுண்டு வரை செலவானது என்பார்கள். இப்படி ஒரு போட்டி வந்தால் சொத்தே ஆட்டம் காணும் என்பதால்தான் பெரும்பாலான கவுண்டிகளில் ஒரு டோரி, ஒரு விக் என்று பேசி முடித்துப் போட்டியையே தவிர்த்தார்கள்.

கோக், மன்னரின் செல்வாக்கைக் கட்டுப்படுத்த விரும்பிய விக் கட்சிக்காரர். அதிலும் அக்கட்சித் தலைவர் சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸின் ஆள். சூதாட்டத்தில் பணத்தை வாரி இறைத்த, நாவன்மையில் நிகரற்ற ஃபாக்ஸும், நிலமும் ஆடுமாடுமாக வாழ்ந்த கோக்கும் இணைந்தது அமெரிக்கப் போரால். குடியேற்றங்கள் மீது மூன்றாம் ஜார்ஜ் நடத்திய போரைக் கோக் அநியாயம் என்றே கருதினார். போர்க்காலம் முழுவதும் ஒவ்வோர் இரவும் வாஷிங்டனின் நலத்துக்காக மதுக்கோப்பையை உயர்த்தியதாக முதுமையில் பெருமையோடு சொல்லிக்கொண்டார். தன் நாட்டுப் படைகள் களத்தில் நிற்கும்போது எதிரித் தளபதியை வாழ்த்த, பதவியை நம்பிப் பிழைப்பவருக்குத் தைரியம் வராது. அரசாங்கத்தால் அவருக்குக் கொடுக்கவும் ஒன்றுமில்லை, அவரிடமிருந்து பறிக்கவும் ஒன்றுமில்லை. 1782 பிப்ரவரி 27 அன்று, போரைத் தொடர்வதற்கு எதிரான தீர்மானம் 234க்கு 215 என்ற கணக்கில் நிறைவேறியது. மூன்று வாரத்தில் பிரதமர் நார்த் விலகினார். இப்படிப்பட்ட நிலக்காரர்களின் வாக்குகள் ஒவ்வொன்றாக நழுவியதுதான் ஓர் அரசாங்கத்தைச் சாய்த்தது.

அடுத்த ஆண்டு, பிரதமரே இல்லாமல் நாடு வாரக்கணக்கில் தடுமாறியபோது, மக்களின் நம்பிக்கைக்குரிய அமைச்சரவையை அமைக்குமாறு மன்னரைக் கோரும் தீர்மானத்தை 1783 மார்ச் 24 அன்று கோக்கே முன்மொழிந்தார். கவுண்டி உறுப்பினர்களுக்கு மட்டும் குதிரை ஓட்டுபவரின் குதிமுள் அணிந்து சபைக்கு வரும் வழக்கமான உரிமை ஒன்று இருந்தது. கோக் ஒருமுறை மன்னர் முன்பே தோல் காற்சட்டையும் உயரமான பூட்ஸுமாக, பண்ணையிலிருந்து நேராக வந்தவர்போல நின்றார் என்று பரம்பரையாக ஒரு செய்தி உண்டு. அவருடைய உடைத் தேர்வுக்கு அரசியல் பொருள் இருந்தது என்றே நான் கருதுகிறேன். நான் உங்கள் அவைக்காரன் அல்லன், ஒரு கவுண்டியின் பிரதிநிதி என்று ஜார்ஜுக்குச் சொல்ல அதைவிடத் தெளிவான வழி இல்லை.

அப்படி அமைந்த ஃபாக்ஸ்–நார்த் கூட்டணி ஒன்பது மாதம்கூடத் தாங்கவில்லை. அதைக் கவிழ்த்தது இந்தியா. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தை நாடாளுமன்றம் நியமிக்கும் ஆணையர்களிடம் ஒப்படைக்க ஃபாக்ஸ் கொண்டுவந்த மசோதாவை, ஆதரிப்பவர் எவரும் தன் எதிரி என்று மன்னரே சொல்லியனுப்பி, 1783 டிசம்பர் 17 அன்று பிரபுக்கள் சபையில் தோற்கடித்தார். மூத்த பிட்டின் மகனான 24 வயது இளைய பிட் பிரதமரானார். கம்பெனியின் பணமும் மன்னரின் செல்வாக்கும் அவர் பக்கம் நின்றன. ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த பால் பென்ஃபீல்டு சபை உறுப்பினராகவே இருந்த காலம் அது. அந்தக் கடன்களின் பின்னணியை விக் உறுப்பினர் எட்மண்ட் பர்க் 1785இல் சபையில் விரிவாக அம்பலப்படுத்தினார். அந்த நவாப் ஆண்ட, தமிழகத்தின் கர்நாடகப் பகுதியின் வயல்களிலிருந்து கறந்த வட்டிப் பணம் இங்கிலாந்துத் தேர்தலுக்குள் பாய்ந்ததற்கு அது நேரடிச் சான்று.

1784 பொதுத் தேர்தலில் ஃபாக்ஸின் ஆட்கள் பெருந்தொகையாக வீழ்ந்தார்கள். 'ஃபாக்ஸின் தியாகிகள்' என்று பெயர் வாங்கிய அந்தக் கூட்டத்தில் கோக்கும் ஒருவர். நார்த்தோடு கூட்டுச் சேர்ந்ததை நார்ஃபோக் வாக்காளர்கள் மன்னிக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கண்டதும், வாக்குப்பதிவுக்கு முன்பே கோக் ஒதுங்கிக்கொண்டார். கவுண்டியை வாங்க முடியாது என்பதற்கு அவருடைய சொந்தத் தோல்வியே சாட்சி. அதே ஆண்டில், தன் குடும்பத்துக்கு உரியதென்று அவர் எண்ணியிருந்த லெஸ்டர் பட்டத்தை மன்னர் டவுன்ஷெண்ட் குடும்பத்தினருக்குக் கொடுத்தார். இரண்டாவது அடிதான் ஆழமாகப் பட்டது.

அந்த ஆறு ஆண்டு ஓய்வில்தான் அவர் முழுக்க வேளாண்மைக்குத் திரும்பினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கோக்கின் பெயரை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் விவசாய வரலாற்றுக்காரர்கள். டர்னிப், பார்லி, க்ளோவர் என்ற தீவனப் பயிர், கோதுமை என்ற நான்காண்டுச் சுழற்சி, மணல் நிலத்தில் சுண்ணக் களிமண் இடுவது, நார்ஃபோக் ஆடுகளுக்குப் பதில் சவுத்டவுன் ஆடுகள், நீண்ட குத்தகை. வறண்ட மணலைப் பொன்விளையும் பூமியாக்கியவர் என்று அவர் காலத்திலேயே புகழ் பரவியது. இந்தப் புகழைக் கொஞ்சம் தணித்துத்தான் கொள்ள வேண்டும். டர்னிப்பும் களிமண்ணும் நீண்ட குத்தகையும் அவருக்கு முந்தைய தலைமுறையிலேயே ஹோல்கத்தில் வழக்கத்தில் இருந்தவை. 1776 முதல் 1816 வரையிலான நாற்பது ஆண்டுகளில் எஸ்டேட்டின் வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கானது உண்மை. பல மடங்கு என்று புகழுரைகள் சொன்னது மிகை. அந்த இரண்டு மடங்கிலும் பெரும்பங்கு, பிரான்சுடன் நடந்த போரால் எகிறிய தானிய விலைக்குச் சேர வேண்டும்.

அவர் உண்மையில் புதிதாகச் செய்தது, வேளாண்மையைப் பொது நிகழ்ச்சியாக்கியது. ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் ஹோல்கத்தில் நடந்த ஆட்டு உரோமக் கத்தரிப்பு விழாவுக்கு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும்கூட விருந்தினர்கள் வந்தார்கள். பகலில் வயலையும் மந்தையையும் பார்ப்பார்கள். மாலையில் நூற்றுக்கணக்கானோர் மாளிகையில் விருந்துண்டு பேச்சுக் கேட்பார்கள். பேச்சில் டர்னிப்பும் வரும், ஃபாக்ஸும் வருவார், அமெரிக்காவும் வரும். 1821இல் நடந்த கடைசி விழா வரை அது விக் கட்சியின் மாநாடாகவும் இருந்தது. சபையில் அதிகம் பேசாத, பேசினாலும் சுருக்கமாக முடித்துவிடுகிற கோக்கின் மேடை வெஸ்ட்மின்ஸ்டரைவிட ஹோல்கம்தான். அவர் மறைந்தபின் குத்தகைதாரர்கள் பணம் திரட்டி எழுப்பிய நினைவுத் தூணின் நான்கு மூலைகளிலும் எருதும் ஆடும் கலப்பையும் விதைப்புக் கருவியுமே நிற்கின்றன. ஐம்பது ஆண்டு உறுப்பினருக்கு மக்கள் மனத்தில் பதிந்த உருவம் அது.

1790இல் போட்டியின்றி மீண்டும் சபைக்கு வந்தார். பிரெஞ்சுப் புரட்சி விக் கட்சியை இரண்டாகப் பிளந்தபோது பெருநிலக்காரர்களில் பலர் பயந்து பிட்டின் பக்கம் சாய்ந்தார்கள். இழப்பதற்கு அவர்களைவிட அதிகம் வைத்திருந்த கோக், சுருங்கிப்போன ஃபாக்ஸின் சிறு கூட்டத்தோடு நின்றார். 1793இல் தொடங்கிய போரை எதிர்த்தார். பேச்சுரிமையையும் கூட்ட உரிமையையும் ஒடுக்கிய சட்டங்களை எதிர்த்தார். அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இந்தப் பத்தாண்டு. வெற்றிக்கு வாய்ப்பே இல்லாத வாக்கெடுப்புகளில் மீண்டும் மீண்டும் போய் நிற்பதற்கு நிலத்தின் பலம் மட்டும் போதாது.

1806 தேர்தல்தான் சட்ட நுணுக்க ரீதியில் விசித்திரமானது. கோக்கும் வில்லியம் விண்டமும் சேர்ந்து நின்று, கடுமையான போட்டியில் வென்றார்கள். தோற்ற தரப்பு, வாக்காளர்களுக்கு விருந்து வைத்தார்கள் என்று 1696ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனுக் கொடுத்தது. 1807 தொடக்கத்தில் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது. அதே இடத்துக்கு நடக்கும் இடைத்தேர்தலில் கோக்கும் விண்டமும் நிற்க முடியாது. கோக்கின் தம்பி எட்வர்ட் அப்போது டார்பி நகரின் உறுப்பினர். டார்பிஷயரின் லாங்ஃபோர்டில் குடும்பத்துக்கு நிலம் உண்டு. தம்பி டார்பியை விட்டு நார்ஃபோக்குக்கு வந்தார். அண்ணன் டார்பிக்குப் போனார். சில மாதங்களில் பொதுத் தேர்தல் வந்ததும் இருவரும் பழைய இடத்துக்குத் திரும்பினார்கள். சட்டம் தன் கடமையைச் செய்தது. குடும்பம் தன் இடத்தைக் காத்துக்கொண்டது. ஆறாயிரம் வாக்காளர் கொண்ட திறந்த கவுண்டியிலும் குலச் செல்வாக்கு எவ்வளவு தூரம் நீளும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

இனி நிலம் கையைக் கட்டிய பக்கம். 1815இல் போர் முடிந்து தானிய விலை சரியத் தொடங்கியபோது, கோதுமை ஒரு குவார்ட்டர் (பழைய தானிய அளவு) 80 ஷில்லிங்கை எட்டும்வரை வெளிநாட்டுக் கோதுமை சந்தைக்கு வரக்கூடாது என்று தானியச் சட்டம் வந்தது. சிவில் உரிமைகளுக்காக இருபது ஆண்டு போராடிய கோக் இதை ஆதரித்தார். விலை விழுந்தால் குத்தகைதாரர் வாடகை கட்ட முடியாது, குத்தகைதாரர் சாய்ந்தால் கூலிக்காரருக்கும் வேலையில்லை என்பது அவர் தரப்பு நியாயம். ரொட்டி வாங்கித் தின்னும் நெசவாளிகள் நிறைந்த நாரிச் நகரம் அந்த நியாயத்தை ஏற்கவில்லை. அந்த ஆண்டு நாரிச் கால்நடைச் சந்தைக்கு வந்த கோக்கைக் கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. மக்களின் நண்பர் என்று ஊர்தோறும் வாழ்த்தப்பட்டவருக்கு அது புது அனுபவம்.

வேட்டையிலும் அப்படியே. ஹோல்கத்தின் பறவை வேட்டை நாடறிந்தது; ஃபாக்ஸே துப்பாக்கியோடு வந்து போவார். சட்டப்படி பெருநிலக்காரர்களுக்கும் அவர்கள் அனுமதித்தவர்களுக்குமே வேட்டைப் பறவையும் முயலும். பசித்த கூலிக்காரர் இரவில் ஆயுதத்தோடு பிடிபட்டால் 1816க்குப் பிறகு ஏழாண்டு நாடுகடத்தல். இந்த அமைப்பைக் கோக் விட்டுக்கொடுக்கவில்லை. விசாரணையின்றிச் சிறைவைப்பதைத் தடுக்கும் ஹேபியஸ் கார்ப்பஸ் உரிமையை முடக்கியதை 1817இல் எதிர்த்த அதே மனிதர் அவர்.

வருமானத்திலும் ஒரு நெருடல் உண்டு. டஞ்சனஸ் கலங்கரை விளக்கம் அரசு வழங்கிய குத்தகையாகக் கோக் குடும்பத்தின் கையில் இருந்தது. ஆங்கிலக் கால்வாயில் அந்த முனையைக் கடக்கும் ஒவ்வொரு கப்பலும் கொள்ளளவுக்கேற்பக் கட்டணம் செலுத்த வேண்டும். வயலில் மழை பொய்த்தாலும் பொய்க்காத வருமானம் அது. அரசாங்கச் சலுகையில் வாழ்பவர்களைச் சாடிய விக் தலைவருக்கு இது சங்கடமான சொத்து. தனியார் கலங்கரை விளக்கங்களை, அவற்றை நிர்வகிக்கும் பொது அமைப்பான டிரினிட்டி ஹவுஸ் வாங்கிக்கொள்ள 1836இல் சட்டம் வந்தபின்தான் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

1820களில் கவுண்டியே அவர் பிடியிலிருந்து நழுவும் அறிகுறிகள் தெரிந்தன. விலை வீழ்ச்சியால் விவசாயிகள் கொதித்துப்போயிருந்த 1823 ஜனவரியில் நாரிச்சில் விக் தலைவர்கள் கவுண்டிக் கூட்டம் கூட்டினார்கள். அங்கே வந்த தீவிரச் சீர்திருத்தம் கோரிய பத்திரிகையாளர் வில்லியம் காபெட், திருச்சபைச் சொத்தை எடுத்துத் தேசியக் கடனை அடைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட தன் சொந்த மனுவைக் கூட்டத்தில் நிறைவேற்றிக்கொண்டு போனார். கோக் மேடையிலேயே இருந்தார். ஓராண்டுக்குச் சற்று முன்புதான் அதே காபெட், நார்ஃபோக் மக்கள் கோக்கைப் பெற்ற தகப்பனைப்போல நேசிப்பதாக எழுதியிருந்தார். அன்பு இருந்தது, தலைமையை அப்படியே ஏற்கும் பழக்கம் போய்விட்டது.

முதல் மனைவி 1800இல் இறந்துவிட, மூன்று மகள்களோடு நின்ற கோக், 1822இல் 67 வயதில் நண்பர் ஆல்பமார்ல் பிரபுவின் 18 வயது மகளை மணந்தார். அவ்வாண்டே ஆண் வாரிசு பிறந்தது. அதன் பிறகுதான் பட்டத்தின் மேல் அவருக்கு உண்மையான ஆசை வந்ததாகத் தெரிகிறது. விக் ஆட்சி வந்த பின்பும் நான்காம் வில்லியம் மன்னர் இசையவில்லை. தன் தந்தை மூன்றாம் ஜார்ஜைப் பற்றி லின் நகர விருந்தொன்றில் கோக் கடுமையாகப் பேசியதை அவர் மறக்கவில்லை.

வாக்குரிமையை விரித்துத் தொகுதிகளை மாற்றியமைக்கப் பிரதமர் கிரே கொண்டுவந்த சீர்திருத்த மசோதாவுக்குக் கோக் வாக்களித்தார். 1832இல் அது சட்டமானதும் ஓய்வு பெற்றார். நார்ஃபோக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. ஓல்டு சாரம் மறைந்தது. ஆனால் டோரிகள் சேர்த்த ஒரு திருத்தத்தால், 50 பவுண்டு வாடகை கட்டும் குத்தகைதாரர்களுக்கு முதன்முறையாகக் கவுண்டி வாக்கு கிடைத்தது. ஹோல்கம் போன்ற பெரும் எஸ்டேட்டுகளின் விவசாயிகள் இப்போது வாக்காளர்கள். அவர்களுக்கு முதன்மையான கேள்வி தானியச் சட்டம் நிலைக்குமா என்பது. அதைக் காப்போம் என்று உறுதியாகச் சொன்னவர்கள் டோரிகள். 1837 கோடையில் விக்டோரியா அரசி பட்டமேறிய சில வாரங்களில் கோக், ஹோல்கத்தின் லெஸ்டர் பிரபுவாகப் பிரபுக்கள் சபைக்கு உயர்த்தப்பட்டார். அதே கோடையின் பொதுத் தேர்தலில் மேற்கு நார்ஃபோக்கின் இரண்டு இடங்களையும் டோரிகள் எடுத்துக்கொண்டார்கள். கோக் 1842 ஜூன் 30 அன்று லாங்ஃபோர்டில் இறந்தார். அவர் ஆதரித்த தானியச் சட்டம் அதன்பின் நான்கு ஆண்டுகள்தான் நின்றது.